முட்டை கறுக்கும் விதம்

முட்டை எப்படிக் கறுக்கிறது என்று நல்லமுத்துவிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது அவருடையது.

"கொழுந்து கிள்ளுறப்ப என்ன நெறம்? பச்சை. பேக்டரி ஸ்டோருக்குப் போயி காத்துப் பட்டா என்னா ஆவுது? கறுக்குது. முட்டையும் அப்படித்தாங்க. கோழி வயித்துக்குள்ள காத்து ஏது? வெளிய வந்து காத்துப்பட்டா சாயங்காலத்துக்குள்ள கறுத்துரும்."

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே தேயிலைச் செடியை வெட்டிப் பிழைத்த மனிதர். உலகத்தில் எது கறுத்தாலும் தேயிலை மாதிரிதான் கறுக்க வேண்டும் அவருக்கு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் இதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அடுத்த வீட்டு மாயாண்டி மட்டும், "அப்ப காக்கா வெள்ளையாவா மாமா பொறக்குது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

நாமும் சிரிக்கலாம். ஆனால் இந்த முடிவுக்கு வந்து சேருவதற்கு அந்த மனிதர் எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டார் என்று தெரிந்தபிறகு சிரிப்பதுதான் நியாயம்.

நல்லமுத்து கவ்வாத்துக்காரர். முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் ஒரே மட்டத்துக்கு வெட்டிவிடுகிற வேலைக்குப் பெயர் கவ்வாத்து. அவர் வெட்டிய மலையைப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று தோட்டத்தை மேற்பார்வை பார்க்கிற கண்டக்டரே சொன்னதுண்டு. ஒரு மழைக்காலத்தில் சரிவில் கால் வழுக்கி, முழங்கால் பிசகி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைத்தடியோடு திரும்பினார். அதற்குப் பிறகு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவர் பேரைக் கூப்பிடுவார் இல்லை. மனைவி வேலாயி கொழுந்தெடுக்கப் போவாள். மத்தியானம் வந்து பார்த்தால், அவர் காலையில் படுத்திருந்த பக்கமே படுத்திருப்பார். தட்டில் வைத்துவிட்டுப் போன ரொட்டி விறைத்துக் கிடக்கும்.

"ஒரு வாயாவது தின்னா என்னாங்க?"

"ஒழைக்காதவனுக்கு என்னத்துக்குடி ரொட்டி?"

வேலாயிக்குப் பயமாக இருந்தது. குடித்துவிட்டு அடிக்கிற புருசனோடு எப்படிச் சண்டை போடுவது என்று லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற புருசனோடு எப்படிச் சண்டை போடுவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் கந்தப்பன் வந்தான். அவன் மேலே பங்களாவில் சமையல்காரன். பழைய துரை பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்குகிற ஹோட்டலாகிவிட்டது. அதை எடுத்து நடத்திய வெள்ளைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு வகைக் கோழி கொண்டுவந்து வளர்த்தார். கொரோனா வந்து பயணிகள் நின்றதும் அவர் ஊருக்குப் போய்விட்டார். கோழிகள் ஒவ்வொன்றாகச் சட்டிக்குப் போயின. எல்லாம் தீர்ந்துபோவதற்குள் கந்தப்பன் சில முட்டைகளைத் துண்டில் முடிந்து எடுத்துவந்தான்.

"அண்ணே, சும்மாதானே படுத்திருக்கீங்க. இத அடை வச்சுப் பாருங்க."

நல்லமுத்து திரும்பிப் பார்த்தார். கொட்டைப்பாக்கு நிறத்தில், அதையும் தாண்டிக் கறுத்து, மினுமினுவென்று இருந்தன. அவர் எழுந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு முட்டையை அவர் கண்டதில்லை.

மாயாண்டி வீட்டிலிருந்து அடைக்கோழி ஒன்றை இரவல் வாங்கி, கூடையில் உமியைப் பரப்பி, இடி விழுந்தால் முட்டை கலங்காமலிருக்க வழக்கம்போல ஓர் இரும்பு ஆணியும் காய்ந்த மிளகாயும் அடுப்புக்கரியும் போட்டு வைத்தார். குஞ்சு பொரித்தது. வளர்ந்ததும் கழுத்தில் செம்பு நிறமும், காலில் மயிருமாக, அந்தத் தோட்டத்துக் கோழிகளோடு ஒட்டாமல் நடந்தன. அவற்றில் ஒரு கறுத்த பெட்டை முதல் முட்டை போட்ட அன்றைக்கு நல்லமுத்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், வாசல் வாசலாகக் காட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு அவராகவே கேட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டார். வேலாயி அடுப்படியில் நின்று அழுதாள்.

அதிலிருந்து அவருக்கு அதுவே வேலையாகிப் போனது. கோழிக்கூடு லயத்துக்குப் பின்னால், மரக்கறித் தோட்டத்துக்கும் கீழே, மண்ணில் வெட்டிய படிகளில் இறங்கிப் போகிற பள்ளத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் மழை இல்லாத மாதத்தை விரல்விட்டு எண்ணலாம். சறுக்குகிற படியில் இறங்க அவருடைய முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஆகவே முட்டை எடுப்பது வேலாயி பாடு. மத்தியானம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறபோது எடுத்துவைப்பாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கூடையை அவர் முன்னால் வைப்பாள். அவர் வாசலில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடைக்கு எது, கறிக்கு எது என்று பிரிப்பார்.

நிறத்தோடு அவர் விடுவதில்லை. வடிவமும் வேண்டும். ஒரு பலகையை மட்டமாக வைத்து அதன்மேல் முட்டையை உருட்டுவார். ஒரு முனை கூராகவும் மறுமுனை திரண்டும் இருக்கிற நல்ல முட்டை சின்ன வட்டமடித்துத் திரும்பிவரும். பந்து மாதிரி உருண்டையானதும், வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நீண்டதும் நேரே போய்ப் பலகையை விட்டு விழப் பார்க்கும். விழப் பார்த்தது கறிக்கு.

இப்படியாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் முட்டைகள் வெளுக்கத் தொடங்கின. ஏன் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தீனியை மாற்றினார். கூட்டுக்குச் சாம்பிராணி போட்டார். மாயாண்டி மனைவியின் கண் என்று சந்தேகப்பட்டு எலுமிச்சம்பழம் கட்டினார். "சேவலும் பாக்கணும்ண்ணே, நெறம் ரெண்டு பக்கத்திலேருந்தும் வரும்னு வெள்ளக்காரரு சொல்லுவாரு" என்று கந்தப்பன் சொன்னது அவரை இன்னும் குழப்பிவிட்டது. சேவல் முட்டை போட்டால் அல்லவா அதன் நிறம் தெரியும்? நாள் முழுக்கச் சேவலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் அந்த முதல் கறுத்த பெட்டையைக் கீரி பிடித்துவிட்டது. மற்றவை போட்டதெல்லாம் நாட்டுக்கோழி முட்டை மாதிரி வெளிறிய தவிட்டு நிறம். நல்லமுத்து மறுபடியும் படுக்கையில் விழுந்தார். ரொட்டி மறுபடியும் விறைத்தது.

பிறகு ஒரு நாள் கூடையில் கறுத்த முட்டைகள் வந்தன. ஒன்று இரண்டு அல்ல, பாதிக் கூடை. அவர் துள்ளி எழுந்தார். முழங்கால் வலியில் மறுபடி உட்கார்ந்தார். இருந்ததிலேயே கறுத்ததாக, பலகையில் வட்டமடித்ததாகப் பொறுக்கி அடை வைத்தார். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை, அத்தனையும் கூமுட்டை. இடிதான் காரணம் என்று இன்னும் இரண்டு ஆணி போட்டார். அடுத்த தடவை எல்லாம் பொரித்தன. ஆக, ஆணிதான். ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்ட ஒரு வெயில் நாளில், அவர் தட்டுத்தடுமாறிக் கூட்டுக்கு இறங்கிப்போய்ப் பார்த்தால், கோழிக்கு அடியில் கிடப்பது வெளிறிய முட்டை. சாயங்காலம் கூடையைப் பார்த்தால் எல்லாம் கறுப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டார். இன்னொரு வெயில் நாள் வரக் காத்திருந்து மறுபடியும் பார்த்தார். மறுபடியும் அதேதான். பகலில் வெளுப்பு, சாயங்காலம் கறுப்பு.

அப்படி யோசித்து யோசித்துக் கண்டுபிடித்ததுதான் காற்றுப் பட்டுக் கறுக்கிற விஷயம். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கண்ணால் கண்டதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொன்னார். அதைச் சொன்னபோது வேலாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இருக்கும்ங்க" என்று மட்டும் சொன்னாள்.

போன மாதம் பங்களாவை மறுபடி திறந்தார்கள். கொழும்பிலிருந்து, நோனா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு சிங்களப் பெண் மெனேஜராக வந்திருந்தார். பழைய படங்களில் அந்தக் கறுத்த முட்டைகளைப் பார்த்துவிட்டு, அதே வகைக் கோழியை மறுபடி வளர்க்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஓர் ஆளும் வேண்டும் என்றாராம். கந்தப்பன் ஒரே ஓட்டமாகக் கீழே வந்தான்.

"அண்ணே, ஒங்களப் பத்திச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம முட்டையோட வாங்க. நெறம் சரியா இருந்தா கோழியும் பங்களாவுக்கு, நீங்களும் பங்களாவுக்கு. உக்காந்து பாக்குற வேலை. முழங்காலுக்கு ஒரு தொல்லையும் இல்ல."

நல்லமுத்து கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். மறுபடி ஓர் இடத்தில் காலையில் அவர் பேரைக் கூப்பிடப் போகிறார்கள். சட்டையைத் துவைக்கப் போட்டார். பெட்டியிலிருந்து உடுத்துவதற்கு நல்ல சாரத்தை எடுத்தார். ஒரு சந்தோஷச் செய்தியைக் கேட்ட மனைவியின் முகம் ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலாயி வாசலில் நின்று மேகத்தைப் பார்த்தாள். "மழை வரும் போல இருக்குங்க. இன்னொரு நாளைக்குப் போங்களேன்."

"நல்லா இருக்கே! இன்னைக்குப் போகலேன்னா வேற ஆளப் புடிச்சிருவாங்க புள்ள."

அவள் கூடையைப் பொலித்தீனால் சுற்றினாள். அதற்குமேல் இன்னொரு பொலித்தீன். ஓரத்தை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "பங்களா வரைக்கும் பிரிக்காதீங்க, நனஞ்சிரும்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

பங்களாப் பாதையில் பாதி தூரம் ஏறிய நல்லமுத்துவுக்கு ஒரு பயம் வந்தது. இப்படிக் காற்றுப் போகாமல் மூடி வைத்தால் நிறம் இறங்கிவிடாதா? பொம்பளைப் பிள்ளைக்கு என்ன தெரியும்! முடிச்சை அவிழ்த்து, இரண்டு பொலித்தீனையும் உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூடையைத் திறந்தபடி தூக்கி நடந்தார். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேலே போய்ச் சேரும்வரை விடவில்லை.

பங்களாச் சமையலறை மேசையில் கூடையை வைத்துவிட்டு முட்டையை எடுத்தபோது அவருடைய உள்ளங்கை பழுப்பாக இருந்தது. முட்டையில் கோடு கோடாக நிறம் வழிந்து, இடையில் வெளிறிய ஓடு தெரிந்தது. ஒன்றல்ல, எல்லாம் அப்படித்தான்.

"மொக்கத மே?" இது என்ன என்று நோனா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். நல்லமுத்துவும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கந்தப்பன் கெட்டிக்காரன். முட்டையைப் பார்த்தான், நல்லமுத்துவைப் பார்த்தான், சட்டென்று சிங்களத்தில் எடுத்துவிட்டான். இந்தக் கோழி முட்டையின் கறுப்பு ஓட்டுக்கு மேல்தான் இருக்கும், ஈரத்தில் தேய்த்தால் அசல் நிறமே போகும், வெள்ளைக்காரர் காலத்திலும் கழுவும்போது இப்படித்தான் துணியில் ஒட்டும் என்றான். அது பொய்யும் இல்லை. நோனா ஒரு முட்டையை எடுத்துப் பார்த்தார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. நல்லமுத்துவுக்கு விளங்கும்படி மெதுவாகக் கேட்டார்: இது கோழி போட்ட நிறம்தானா?

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வாயைத் திறந்தார். மழைத்தண்ணீர் மூக்கில் வடிந்தது. துடைக்கக் கையைத் தூக்கியபோது உள்ளங்கை வாசம் அடித்தது.

அது என்ன வாசம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூளில், பால் விடாமல், வேலாயி காலையில் கொதிக்க வைக்கிற சாயத்தண்ணி. கடும் சாயம்.

கோழிக்கும் அவருக்கும் இடையில் அந்த முட்டையைத் தொடுகிற கை ஒன்றே ஒன்றுதான். வெயில் நாளில் பார்த்த வெளுத்த முட்டை, சாயங்காலத்துக் கறுத்த கூடை, பொரிக்காமல் போன அந்த ஓர் அடை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவருக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நோனா காத்துக்கொண்டிருந்தார்.

"நே நோனா," என்றார் நல்லமுத்து. "கோழி போட்ட நெறமில்ல. நான்தான் சாயத்தண்ணியில முக்குனேன்."

கந்தப்பன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நோனா நல்ல மனுசி, சத்தம் போடவில்லை. மழையில் வந்தவருக்குத் துடைத்துக்கொள்ளத் துண்டும், குடிக்கத் தேநீரும் கொடுக்கச் சொல்லிவிட்டு, வேறு யாரையாவது பார்க்கும்படி கந்தப்பனிடம் சொல்லிப் போய்விட்டார். நம்பிக்கையான ஆள் வேண்டுமென்றுதானே கேட்டார்? அவர் சொன்னதில் தப்பில்லை. நல்லமுத்து கோப்பைக்குள் இருந்த தேநீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வேலாயி வாசலில்தான் நின்றிருந்தாள். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவள் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பலேருந்து?"

"கறுத்த பெட்டையக் கீரி புடிச்சதுல இருந்துங்க. மொத தடவ சூட்டோட முக்கிட்டேன், அதுதான் பொரிக்கல. பொறவு ஆற வச்சு முக்குனேன்."

"அடிப்பாவி! நெறம் நல்லா இருக்குன்னுதானே நான் அதையெல்லாம் பொறுக்கி அடை வச்சேன். அப்ப இத்தன நாளும் எதத்தான்டி அடை வச்சேன்?"

"எனக்கென்னங்க தெரியும்? எந்த முட்டையை வச்சாலும் கோழிதானே வரப் போகுதுன்னு நெனச்சேன்."

அவர் விரித்த உள்ளங்கையைச் சாரத்தில் தேய்த்தார். அவள்தான் பேசினாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் பேசினாள்.

"வெளுத்த முட்டையக் காட்டுன அன்னைக்கெல்லாம் நீங்க படுத்துட்டீங்க. மலையில கொழுந்து எடுக்குறேன், கை அது பாட்டுக்குப் போகுது, நெனப்பெல்லாம் வீட்டுல. திரும்பிப் போறப்ப உசுரோட இருப்பீங்களா, கயித்தத் தேடிக்குவீங்களான்னு. கறுத்தது வந்தா எந்திரிச்சு உக்காருறீங்க, பலகையத் தேடுறீங்க, என்னைய ஏசுறீங்க. எனக்கு அது போதும். முட்டைக்குச் சாயம் போட்டா ஒரு மனுசன் எந்திரிப்பான்னா, நான் இந்த மலைக்கே போடுவேன்."

நல்லமுத்து கைத்தடியைச் சுவரில் சாத்தினார். உள்ளே போய் ஈரச் சட்டையைக் கழற்றினார். படுத்துக்கொண்டார். வேலாயி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். செய்த வேலை இப்படித் தலைகீழாகப் போகும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. இனி அவரை எழுப்ப அவள் கையில் ஒன்றும் இல்லை. பங்களா வேலையும் இல்லை, கறுத்த முட்டையும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, பெரட்டுக்குக் கிளம்பக் கொழுந்துக் கூடையை எடுத்தபோது படுக்கை காலியாகக் கிடந்தது. கைத்தடியையும் காணவில்லை. கூடையை அப்படியே போட்டாள். தண்ணீர் பிடிக்கிற பீலியடிக்கு ஓடிப் பார்த்தாள். மாயாண்டி வீட்டுக் கதவைத் தட்டினாள். பிறகுதான் மரக்கறித் தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

தூறிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில், கோழிக்கூட்டுக்கு முன்னால், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நல்லமுத்து உட்கார்ந்திருந்தார். சாரமெல்லாம் சேறு, இரண்டு மூன்று இடத்தில் சறுக்கி விழுந்துதான் இறங்கியிருக்க வேண்டும். முழங்கையில் சிராய்ப்பு. முட்டையிட உட்கார்ந்திருந்த ஒரு பெட்டையை அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலாயி வாயைப் பொத்திக்கொண்டு மேலேயே நின்றாள்.

பெட்டை எழுந்து, கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் கையை விட்டு முட்டையை எடுத்தார். வெளிறிய தவிட்டு நிறம். சூடு ஆறாத அந்த முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரிலும் குறையில்லை, திரட்சியிலும் குறையில்லை. வேலாயி முக்கியெடுத்த எந்தச் சாயமும் இந்த வடிவத்தைச் செய்திருக்க முடியாது.

"ஏ புள்ள," என்று மேலே பார்க்காமலே கூப்பிட்டார். அவள் நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "வடிவு மட்டும் எப்படி வந்துச்சு? ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"சாமி சத்தியமா அதுல நான் கை வைக்கலீங்க."

அவர் முட்டையைச் சாக்கின் மடிப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி எழுந்தார். முதல் படியில் கால் சறுக்கியது. பிடிப்பதற்கு அவள் இறங்கி வந்தாள்.

"நீ பெரட்டுக்குப் போ, நேரமாச்சு," என்றார். "நாளையிலேருந்து முட்டைய நீ எடுக்க வேணாம். நானே எறங்கி எடுத்துக்குறேன்."

அன்றைக்கு வேலாயி பெரட்டுக்குப் பிந்தித்தான் போனாள். கங்காணி எல்லோர் முன்னாலும் அவளை ஏசினார். ஏச்சு வாங்கிக்கொண்டே அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். இவளுக்கு என்ன வந்தது என்று பக்கத்தில் நின்ற பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.